தூக்கு மூடியில் ஒரு பம்பை

ஏம்பலத்தைச் சுற்றியிருந்த கரும்புத் தோட்டங்களில் நான்கு மாதத்துக்குள் மூன்று பெண்களைக் கொன்றுவிட்டான் எவனோ. மூன்று பேரும் தனியாகப் போனவர்கள். எல்லாம் ஒரே ஆளின் வேலைதான் என்றது போலீஸ். யார் என்று சொல்லவில்லை.

அதற்காகச் சோகை உரிக்காமல் இருக்க முடியுமா? காய்ந்த தோகையை உரித்துக்கொண்டே கரும்புக்குள் போனால் பக்கத்தில் இருப்பவளின் முகம்கூடத் தெரியாது. அதனால் பெண்கள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சலசலப்புக் கேட்டால் "யாரு?" என்று குரல் கொடுப்பது, பதில் வராவிட்டால் அரிவாளை ஓங்குவது.

கலியம்மாளுக்குக் கொலைகாரனைவிட இந்தக் கட்டுப்பாட்டை நினைத்துத்தான் பயம். அவள் தம்பி ராமுவுக்குக் காது கேட்கும்; பேச்சு வராது. நாற்பத்தைந்து வயதாகிறது. வீட்டில் அவர்கள் இருவர்தான். சோறாக்குவது அவன், மதியம் அதைத் தூக்கில் எடுத்துக்கொண்டு அக்காவைத் தேடிக் கரும்புக்குள் வருவதும் அவன்.

"இனிமே வராதடா. சோத்த நானே எடுத்துக்கினு போறேன்" என்றாள்.

அவன் அவளைச் சுட்டிக்காட்டி, தன் கழுத்தில் விரலால் கோடு இழுத்து, முடியாது என்று தலையாட்டினான்.

மறுநாளும் வந்தான். திருபுவனைக் கம்பெனிக்குத் தனியாகப் போய்வரப் பயந்து அந்த வேலையை விட்டுவிட்டு, நாலு பேரோடு சேர்ந்து செய்யும் வேலை என்று புதிதாகக் கரும்புக்கு வந்திருந்த ஜெயா இரண்டு முறை "யாரு?" என்றாள். பதில் இல்லை. கலியம்மாள் முகத்தில் தோகை கிழிக்க ஓடிவந்தபோது ஜெயாவின் அரிவாள் உயர்ந்திருந்தது.

"என் தம்பிடீ!"

ஜெயா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் இன்னாக்கா பண்ணுவேன்? வாயே தொறக்கலியே!" என்று அழுதாள். ராமு தூக்கைத் திறந்து முதல் கவளத்தை அவளிடம் நீட்டினான்.

அன்று சாயங்காலம் கலியம்மாள் ஆட்டின் மணியை அவிழ்த்து அவன் கழுத்தருகே கொண்டுபோனாள். அவன் ஆட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். சாப்பிடவும் இல்லை.

"தப்புதான்டா" என்று மணியைத் திரும்ப ஆட்டுக்கே கட்டினாள்.

அடுத்த நாள் உச்சிவேளையில் வரப்பிலிருந்து ஒரு சத்தம். தூக்கு மூடியில் கரண்டி விழும் சத்தம். மாரியம்மன் திருவிழாவில் பம்பைக்காரர்களை ஒட்டியே நிற்பவன் ராமு. அந்த அடி அப்படியே வந்தது.

முதலில் சிரித்தவள் ஜெயாதான். "வந்துட்டாருப்பா பம்பைக்காரரு! இன்னாக்கா, ஒனக்குச் சாமி வருதா?"

"சோறு வருதுடீ" என்றாள் கலியம்மாள்.

கொலைகாரன் இன்னும் பிடிபடவில்லை. சோறு கொடுத்துவிட்டு ராமு இப்போதெல்லாம் வீட்டுக்குத் திரும்புவதில்லை. வேலை முடியும்வரை வரப்பில் உட்கார்ந்து மூடியைத் தட்டிக்கொண்டிருக்கிறான். கை ஓய்ந்து சத்தம் நின்றால் கரும்புக்குள்ளிருந்து கலியம்மாள் கூப்பிடுவாள்.

"ராமு?"

இரண்டு தட்டு.

அவள் அடுத்த தோகையை உரிப்பாள்.