வளையல் சுருங்கிய வருஷம்

வளையல் கடைக்காரிக்கு வாய் இனிக்க வேண்டும், விரல் வழுக்க வேண்டும். மற்றதெல்லாம் காசு கொடுத்தால் பாரிமுனையில் கிடைக்கும். புதுப்பட்டினம் பஜாரில் என் கடை. கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் அம்மாக்களும் சதுரங்கப்பட்டினத்து மீன்காரப் பெண்களும்தான் வாடிக்கை. எந்தக் கையானாலும் விரல் முட்டிகளைச் சேர்த்து ஓர் அமுக்கு அமுக்கி, சிரிக்க வைத்துக்கொண்டே வளையலை ஏற்றிவிடுவேன். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த விரல்களுக்கே வந்தது வினை. காலையில் எழுந்ததும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாமல் கையை முறைத்துப் பார்க்கும் என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

திருட்டுச் சரக்கு

எனக்கு எப்போதும் ரெண்டு நாலு அளவு. புதிதாக வந்த சரக்கில் ஒரு டஜன் எடுத்துப் போடப் பார்த்தேன், முட்டியைத் தாண்டவில்லை. ஒரு சுற்றுப் பெரிய ரெண்டு ஆறும் சண்டித்தனம் செய்தது. மொத்த வியாபாரி அளவைக் குறைத்து ஏமாற்றுகிறார் என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கை வீங்கியிருக்கும் என்று வேறு யாருக்காவது தோன்றியிருக்கும். வளையல்காரிக்குத் தோன்றுமா?

பாரிமுனைக்கு பஸ் ஏறிப் போய், அவர் கடை வாசலில் நின்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். அவர் அளவு பார்க்கிற கட்டையை எடுத்து வளையலை மாட்டிக் காட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வளையல் சரியாத்தான் கீதும்மா. கைய எங்க வாங்கின?”

டீ குடிக்காத வாடிக்கை

அப்புறம் காலை நேரம் பகையானது. எழுந்தால் விரல் மடங்காது. ஜாக்கெட் கொக்கி போட மாட்டேன் என்கும், கடைப் பூட்டுத் திறக்க மாட்டேன் என்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்த முறுக்கு. பிறகு ஒன்றுமே நடக்காதது போல் விரல்கள் வேலைக்கு வரும். பனி என்றேன், கடல் காற்று என்றேன். சித்திரை வெயிலிலும் அதே கதை.

பக்கத்து டீக்கடை ஏழுமலையிடம் ஒரு டீ வாங்கி, சூட்டுக்காகக் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்பேன். டீ ஆறிப் போகும், ஆடை கட்டும். பல நாள் பொறுத்துப் பார்த்தவர் கடைசியில் வாய் திறந்தார். “இன்னாக்கா, தெனிக்கும் டீயப் புடிச்சிகினே நிக்கிற? குடிக்கலன்னா சொல்லு, கிளாஸுக்கு வாடகை போட்டுக்கறேன்.”

தைலக் கடை

வலது கைதான் நாளெல்லாம் உழைக்கிறது, வலித்தால் நியாயம். சும்மா இருந்த இடது கையும் அதே முட்டிகளில், அதே மாதிரி வீங்கினால் என்ன அர்த்தம்? தொட்டால் சுடும். மத்தியானம் ஆனால் காய்ச்சல்காரி போல் கல்லாவிலேயே சாய்ந்துவிடுவேன். திருஷ்டி கழித்தார்கள். முடக்கத்தான் தோசை தின்றேன். பூசாத தைலம் பாக்கியில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் கலா முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. சந்தோஷத்தோடு பயமும் சேர்ந்து வந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு. ஊருக்கெல்லாம் போட்ட கை, பெற்ற மகளுக்குப் போட முடியாமல் போனால்? நினைத்தாலே அழுகை முட்டும். அப்படிக் கண் கலங்கி உட்கார்ந்திருந்த ஒரு நாள், மீன் விற்கிற கன்னியம்மா வளையல் வாங்க வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். “இன்னாம்மே நாத்தம் இது! என் மீன் கூடையே தேவலாம் போல கீது.”

ஓர் அமுக்கு

குவார்ட்டர்ஸில் ஒரு வளைகாப்பு. வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பிடி நழுவி இரண்டு மூன்று வளையல் உடைந்தது. வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். வளைகாப்புப் பெண்ணின் அத்தை சென்னையில் டாக்டராம். என்னைத் தனியாக அழைத்து, நான் ஊரார் கையைப் பிடிக்கிற அதே பிடியாக என் முட்டிகளைச் சேர்த்து லேசாக அமுக்கினார். நான் போட்ட அலறலில் நாயனம் நின்றது.

காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, இரண்டு கையுமா, அசதி உண்டா என்று விசாரித்தார். முடக்குவாதத்தின் ஆரம்பமாக இருக்கலாம், ரத்தம் பார்க்க வேண்டும், மூட்டு கோணிவிட்டால் எந்த மாத்திரையாலும் நிமிர்த்த முடியாது, உடனே போங்கள் என்றார். இதெல்லாம் சுளுக்குதான் என்று நான் சாதித்தேன். அவர் சிரித்துவிட்டார். “காலையிலேர்ந்து இத்தனை பேர் கையை அமுக்குனீங்களே, ஒருத்தராவது இப்படிக் கத்துனாங்களா?”

கலாவின் கை

பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், அந்த டாக்டரம்மா சந்தேகப்பட்டதேதான். மாத்திரை உடனே கேட்கவில்லை. வாரங்கள் போய், ஒரு நாள் காலையில் ஜாக்கெட் கொக்கியைப் போட்டு முடித்த பிறகுதான், அதைப் போட்டது நானே என்று கவனித்தேன். உட்கார்ந்து அழுதேன்.

வளைகாப்பன்று கலா கையை நீட்டினாள். முட்டிகளைச் சேர்த்துப் பழையபடி அமுக்கினேன். பச்சை, சிவப்பு என்று அத்தனையும் ஏறின, ஒன்றுகூட உடையவில்லை. நான் பெருமையாக நிமிர்ந்து பார்த்தால், என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை உதறுகிறாள். “ம்மா, உனுக்கு சரியாப் பூட்ச்சி, ஒத்துக்கறேன்! அதுக்கு என் கைய ஏன் நசுக்குற?”

ஆகவே என் இனத்தாரே, பழைய வளையல் ஏறவில்லை என்றால் முதலில் ஒரு டாக்டரிடம் கையை நீட்டுங்கள். வளையல்காரரோடு சண்டையைக் கை சரியான பிறகு இன்னும் நன்றாகவே போடலாம்.