தைத்து வைத்த கூந்தல்

கல்யாணத்துக்கு முந்தின மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு முடி கொட்டத் தொடங்கியது. சில மாதங்களில் தானாக நின்றுவிடும், மறுபடி வளரும் என்று ராசிங்காபுரத்தில் எங்கள் தெருவில் இருந்த நர்சம்மா சொன்னார். அதற்குள் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

பூ வைக்கப் பிடிமானம் இல்லாத தலையோடு மணவறையில் உட்கார முடியாது என்று அம்மா என்னைத் தேனியில் ஒரு பியூட்டி பார்லருக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த பெண் சவுரி வேண்டாம் என்றாள். என் முடியையே தலையை ஒட்டி வரிவரியாக இறுக்கிப் பின்னி, அந்தப் பின்னல்மேல் வேறு கூந்தலை ஊசி நூலால் தைத்தாள். முடித்தபோது என் புருவங்கள் மேலே ஏறி நின்றன. வலிக்கிறது என்றேன்.

"கொஞ்ச நாள் அப்படித்தான்க்கா இருக்கும். இறுக்கமா இருந்தாத்தான் நிக்கும்."

கூந்தல் இடுப்பைத் தொட்டது. கல்யாணத்தில் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். போடியில் மாமியார் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தை, "எங்க மருமக முடியப் பாத்தீகளா?" என்று என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். கல்யாணம் முடிந்ததும் பிரித்துவிடுவதாகத்தான் இருந்தது. அதன்பிறகு பிரிக்க முடியவில்லை. முடி வளர்ந்து தையல் தளர்ந்தபோது, அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லித் தேனிக்குப் போய் மறுபடி இறுக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். ஒருநாள் தலையைத் தடவியவர் விரலில் வரப்பு மாதிரி ஏதோ தட்டுகிறதே என்று கேட்டார். சொன்னேன். "அம்மாட்ட நீயே சொல்லிரு" என்றார். அதோடு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

மாமியார் வீட்டாருக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஓர் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. காய் எடுக்கும் காலத்தில் குடும்பமே மேலே போய்த் தங்கிவிடும். அந்த வருஷம் நானும் போனேன். மழை, மழை இல்லாவிட்டால் மேகம். துணி காயாது. தலைக்குக் குளித்தால், மேலே தொங்கும் கூந்தல் எப்படியோ உலர்ந்துவிடும். அடியில் இறுகிக் கிடந்த பின்னல் மட்டும் ஈரமாகவே இருந்தது. அரிப்பெடுத்தது. விரல் நுழையாது என்பதால் கொண்டை ஊசியை விட்டுச் சொறிந்தேன். நெற்றியோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் வலித்தது. பிறகு வாடை வந்தது.

தோட்டத்தில் ஒரே ஒரு கதகதப்பான இடம், காய் உலர்த்தும் ஸ்டோர். ஆட்கள் காய் எடுக்கப் போயிருந்த நேரத்தில் அங்கே போய், சூடு வரும் குழாய்ப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். காய் பார்க்க அத்தை உள்ளே வந்தார்.

"இங்க என்ன பண்ற?"

"தலை காயல அத்தை."

"ஈரத் தலையோட இங்க நிக்காத ஆத்தா. காய் எந்த வாடையையும் இழுத்துக்கிரும்." சொல்லிக்கொண்டே கிட்டே வந்தவர் மூக்கைச் சுளித்தார். "அட, இந்த வாடையா? எங்கயோ எலி செத்துக் கெடக்குன்னு மூட்டை மூட்டையாப் பொரட்டிக்கிட்டு இருக்கேன். முடிய அவுத்து விடு."

"அவுக்க முடியாது அத்தை. தைச்சிருக்கு."

அவருக்குப் புரியவில்லை. குனிந்து, கூந்தலை விலக்கிக் காட்டினேன். விரலால் தையலைத் தடவிப் பார்த்தார்.

"துணி தைக்கிற மாதிரியா?"

"ஆமா."

"ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே" என்றார். அதுதான் அவர் முதலில் சொன்னது. பிறகு என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, வெளிச்சத்தில் உட்காரவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கத்தரியை எடுத்தார். நூலும் கறுப்பு, முடியும் கறுப்பு. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் போன் டார்ச்சை அடிக்கச் சொன்னார். அவர் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தையலாக வெட்ட வெட்ட, கூந்தல் பட்டை பட்டையாகக் கழன்று மடியில் விழுந்தது. அடிப்பின்னலில் எண்ணெய் தொட்டு, நுனியிலிருந்து சிக்கெடுத்தார். அப்போது என் முடியும் கொத்தாக வந்தது. நான் அழுதேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு அழுகுற? பேசாம இரு, வெரசா முடிக்கணும். ஜீப்பு லோடு ஏத்தப் போகுது, அதுலயே போயிருவோம்."

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காய் மூட்டைகளோடு அத்தைகூட மலையிறங்கினேன். தேனியில் தோல் டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். கொத்தாக வந்ததில் பெரும்பகுதி தினமும் தானாக உதிர்ந்து, வெளியே வர வழியில்லாமல் சிக்கிக் கிடந்த முடி. அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார். நெற்றியோரமும் காதுக்கு மேலேயும்தான் அவருக்குக் கவலை. விடாமல் இழுபட்டதில் வேர் தளர்ந்திருக்கிறது. இப்போதே நிறுத்தினால் பெரும்பாலும் முளைக்கும். வேர் செத்த இடத்தில் முளைக்காது. புண்ணுக்கு மாத்திரையும் தலை அலச ஒரு மருந்தும் தந்தார். ஆறிய பிறகு தடவ ஒரு லோஷன். புண் இருக்கும்வரை எண்ணெய் கூடாது. இறுக்கிக் கட்டக் கூடாது, ஈரத்தோடு பின்னக் கூடாது. "வலி வந்தா அது பழகுறதுக்கு இல்லம்மா, கழட்டுறதுக்கு" என்றார்.

முடியைத் தோளளவுக்கு வெட்டிக்கொண்டேன். கேட்டவர்களிடம் அத்தை, "மருமகளுக்கு டெங்கு வந்து முடியெல்லாம் போயிருச்சு" என்றார். அது பொய்யில்லை, முன்பின் மட்டும் மாறியிருந்தது. நெற்றியோரத்தில் பூனைமுடி மாதிரி முளைக்க அடுத்த கோடை வந்துவிட்டது. இடது காதுக்கு மேலே ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இன்றும் ஒன்றுமில்லை. வகிடை மாற்றி, அந்த இடம் மறையச் சீவிக்கொள்கிறேன்.

போன தை மாதம் நாத்தனாருக்குக் கல்யாணம். அலங்காரம் செய்ய வந்த பெண், தைத்துவிட்டால் ஒரு மாதம் கவலையில்லை என்று தொடங்கினாள். "தைக்கிற சோலியே வேண்டாம்" என்று அத்தை அடுப்படியிலிருந்தே சொன்னார். கிளிப் போட்டு மாட்டுவது என்று முடிவானது. மாட்டி முடித்ததும் நான் நாத்தனாரைப் புருவத்தை ஏற்றி இறக்கச் சொன்னேன். ஒரு கிளிப் இழுத்தது. அதைக் கழற்றித் தளர்த்திப் போட வைத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து மண்டபத்து அறைக்கு வந்ததும் எல்லாவற்றையும் நானே எடுத்துவிட்டேன். அவள் இரண்டு கையாலும் தலையைச் சொறிந்துகொண்டு, பாயசம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.