மூன்று கொட்டேஷன்

சவுதியின் ஜுபைலில் பர்ச்சேஸ் ஆபீசராக இருக்கும் முகுந்தனிடம் சப்ளையர்களின் வித்தை எதுவும் பலிக்காது. ஒரே முதலாளி மூன்று பெயர்களில் கொட்டேஷன் அனுப்பினால், முகவரியைப் பார்த்தே கண்டுபிடித்துத் தூக்கிப் போட்டுவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஆன்லைனில் கிரிக்கெட் பந்தயம் கட்டினார். ஒரு தளத்தில் தோற்றதும், "திருட்டுப் பசங்க" என்று திட்டிவிட்டு அடுத்த தளத்துக்குப் போனார். அங்கும் தோற்று மூன்றாவதுக்குத் தாவினார். மனைவி பிருந்தாவின் வளையல்களை விற்ற பணமும் அதில் போனது.

அது தெரிந்த அன்று அவள்தான் மூன்று தளங்களையும் திறந்து, அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரே கம்பெனிப் பெயரையும் ஒரே முகவரியையும் காட்டினாள்.

"ஆபீஸ்ல இதைத்தானே முதல்ல பார்ப்பீங்க?"

முகுந்தன் தலை நிமிரவில்லை.

"அது கம்பெனிப் பணம், பிருந்தா. அதுல எனக்கு ஆசை இருந்ததில்ல."