மூன்றரை மணிக்குப் போனவள்

தவறு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது. விசையை அழுத்தியது என் விரல்தான். ஆனால் என்னை இத்தனை வருடம் விடாமல் அரிப்பது அந்த விரல் செய்த காரியம் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் எந்திர பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். அப்பா ரயில்வேக்காரர். நான் குவார்ட்டர்ஸில் பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து, தமிழை வீட்டுக்குள் மட்டும் பேசி வளர்ந்தவள். பிரிவில் மூன்றே பேர்: கன்னடக்காரரான மேலாளர், நான், அவள். அவள் கொள்ளேகாலைத் தாண்டித் தமிழர்கள் வாழும் மார்டள்ளி என்ற ஊர்க்காரி, கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கியிருந்தாள். வாயைத் திறந்தால் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். "அக்கா, அக்கா" என்று என் முந்தானையைப் பிடிக்காத குறை. விடுதிச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் ஒருநாள் வீட்டில் சொல்ல, மறுநாளிலிருந்து அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்தே டிபன் கட்டினாள். எனக்குத் தங்கை கிடையாது. அந்த ஆசையும் எனக்கு இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

எங்கள் பொறுப்பில் இரண்டு டிஸ்க் பெட்டிகள் இருந்தன. பெட்டி என்றால் ஆளுயரம், உள்ளே வரிசை வரிசையாக டிஸ்க்குகள். ஒன்று அலுவலகக் கட்டடத்தில், டிசைன் பிரிவுக்குக் கீழ்த்தளத்தில். மற்றது மைதானத்தைத் தாண்டி ஸ்டோர்ஸ் கட்டடத்தில். டிசைன்காரர்கள் வரையும் படங்கள் எல்லாம் முதல் பெட்டியில் போய்ச் சேரும். மணிக்கு ஒரு தடவை, அதில் புதிதாக வந்ததை இரண்டாம் பெட்டி கேபிள் வழியாக இழுத்து வைத்துக்கொள்ளும். முதல் பெட்டி படுத்துவிட்டால் இரண்டாவதைத் திறந்துவிட்டு அதிலேயே வேலையைத் தொடரலாம். முதல் பெட்டி எழுந்த பிறகு, இடைப்பட்ட நாட்களின் வேலையை அதற்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இதில் ஒரே ஒரு விதி உண்டு. எந்தப் பெட்டி வாங்கிக்கொள்கிறதோ, அந்தப் பெட்டியில் உட்கார்ந்துதான் கட்டளை கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் அது வாதாடாது. தன்னிடம் புதிதாக இருப்பதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டுக்கும் பொதுவாக இருந்த பழைய நிலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். டேப்பில் ஒரு நகல் எடுப்பது சனிக்கிழமை மட்டும்தான். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். ஆளுக்கொரு பெட்டியின் முன் உட்கார்ந்து, இன்டர்காமைக் காதில் வைத்துக்கொண்டு, ஒருத்தி கட்டளையைப் படிப்பாள், மற்றவள் திருப்பிச் சொல்வாள். இருவரும் "சரி" சொன்ன பிறகுதான் என்டர்.

ஒரு திங்கட்கிழமை மாலை, மழைக்கு நடுவே கரண்ட் போய்ப் போய் வந்ததில் முதல் பெட்டி படுத்துவிட்டது. நாங்கள் பதறவில்லை. இதற்காகத்தானே இன்னொன்று. செவ்வாய் காலை டிசைன் பிரிவை இரண்டாம் பெட்டிக்கு மாற்றிவிட்டோம். மேலே நாலு பேர் ஒரு பெரிய ஆர்டருக்கான படங்களை வரைந்துகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு எதுவுமே தெரியாத அளவுக்குச் சுத்தமாகச் செய்தோம். மேலாளர் எங்களைப் பாராட்டினார். வருட முடிவில் இரண்டு பேரையும் நிரந்தரமாக்கச் சொல்லி எழுதப்போவதாகவும் சொன்னார். அன்று என் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சைச் சாதத்தை நாங்கள் கல்யாண விருந்து மாதிரி சாப்பிட்டோம்.

பெட்டியைப் பழுது பார்க்கும் இஞ்சினியர் பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் வருவதாக இருந்தது. மறுநாள் சனிக்கிழமை அவளைப் பெண் பார்க்க மார்டள்ளிக்கு வருவதாகவும் இருந்தது. ஐந்து மணிக் கொள்ளேகால் பஸ்ஸை விட்டால் அவள் ஊர் போய்ச் சேர்வது கஷ்டம். அதனால் மூன்றரை மணியிலிருந்து பர்மிஷன் எழுதி வாங்கியிருந்தாள். இஞ்சினியர் வந்ததே மூன்று மணிக்கு. மூன்றரைக்கு எங்கள் பிரிவின் வருகைப் பதிவேடு மேலாளர் அறைக்குப் போய்விடும். அவர் அன்று ஊரில் இல்லை, ஆனாலும் போய்விடும். அவளோ இஞ்சினியர் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, சீட்டுல மூணரைன்னு இருக்குதுங்க. ரிஜிஸ்டர்லயும் மூணரைன்னே போட்டுருங்க்கா."

அவள் பெயருக்கு நேரே, என் கையெழுத்தில், வெளியேறிய நேரம் மூன்றரை என்று எழுதினேன். போகவேண்டிய நேரத்துக்குப் பிறகும் நின்று வேலை பார்ப்பவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று நினைத்தேன். பிறகு மைதானத்தைத் தாண்டி ஸ்டோர்ஸ் கட்டடத்துக்குப் போய் இரண்டாம் பெட்டியின் முன் உட்கார்ந்தேன்.

நாலேகாலுக்கு இன்டர்காம் அடித்தது. முதல் பெட்டி எழுந்துவிட்டது என்றாள். அது வாங்கிக்கொள்ள வேண்டிய பெட்டி, அதனால் கட்டளை அவள் பக்கத்தில்தான். படித்தாள், திருப்பிச் சொன்னேன், இருவரும் சரி சொன்னோம். அவள் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஒத்துக்கவே மாட்டேங்குதுங்க்கா. அனுமதி இல்லைன்னே வருது. நீங்க அங்கிருந்தே குடுத்துருங்க."

"ஏ, வாங்கிக்கிறது உன் பெட்டி. உன்கிட்டதானே குடுக்கணும்?"

"இஞ்சினியர்கிட்டக் கேட்டுட்டனுங்க்கா. இப்ப மாத்தியிருக்காங்களாம். எந்தப் பக்கமிருந்து குடுத்தாலும் ஒண்ணுதானாம். இங்கதான் நிக்கறாரு."

அந்த அனுமதியைச் சரிசெய்ய அரைமணி நேரம் போதும். நான் அங்கே நடந்து போயிருக்கலாம். இஞ்சினியரிடம் போனைக் கொடு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் பஸ்ஸை நினைத்தேன். அவள் சொன்னால் போதும் என்றும் இருந்தது. கட்டளையை அடித்தேன். இந்தப் பெட்டியில் புதிதாக உள்ளவை அழியும், தொடரலாமா என்று திரை கேட்டது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"அது எப்பவும் கேக்கறதுதானுங்களே."

உண்மைதான். சரியான பெட்டியில் கொடுத்தாலும் அப்படித்தான் கேட்கும். அவள் "சரி" என்றாள். நானும் "சரி" என்று சொல்லி அழுத்தினேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. சரிபார்க்க டிசைன் கோப்புகளைத் திறந்தேன். கடைசிப் படத்தின் தேதி திங்கட்கிழமை. செவ்வாய் இல்லை, புதன் இல்லை, வியாழன் இல்லை, அன்றைய வெள்ளியும் இல்லை. இன்டர்காமை எடுத்து அடித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை, அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை மாடிக்குப் போய் அந்த நாலு பேரிடமும் நானே சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முதல் படத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். இறங்கி வந்து அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து, அவளைக் கூப்பிடச் சொன்னேன். பெண் பார்க்க வந்திருந்த நேரம் போலிருக்கிறது, பின்னால் ஒரே பேச்சுச் சத்தம்.

"நாலு நாள் வேலையும் போச்சு. நீ பயப்படாதே, இன்னிக்கு அதை யோசிக்காதே. திங்கட்கிழமை சார் வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொல்லிடலாம். ஆய்த்தா, சரியா?"

"ஆகட்டுங்க்கா. சேந்தே சொல்லிறலாம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எவ்வளவு தெம்பு வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஞாயிறு முழுக்க அதை வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். இஞ்சினியரையும் இவளையும் மாட்டிவிடாமல், "நாங்கள் இரண்டு பேரும் தவறாகப் புரிந்துகொண்டோம்" என்று எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் கன்னடத்தில் ஒத்திகை பார்த்தேன்.

திங்கட்கிழமை அவள் எனக்கு முன்னாலேயே வந்து மேலாளர் அறையில் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போய், "நாங்கள்" என்று ஆரம்பித்தேன்.

"நாங்கள் என்றால்?" என்று கன்னடத்தில் கேட்டார் மேலாளர். "இவள்தான் அப்போது இல்லையே. சனிக்கிழமை மத்தியானம், நான் ஊர் திரும்பிய கையோடு, என் வீட்டுக்கே போன் செய்து சொல்லிவிட்டாள். தான் கிளம்பிய பிறகு ஏதோ தவறு நடந்துவிட்டதாம், நீ போன் செய்துதான் தெரியுமாம்."

சனிக்கிழமை மத்தியானம். என்னோடு பேசி ஒரு மணி நேரம் ஆகியிருக்குமா? "ஆகட்டுங்க்கா" என்று சொன்ன வாய் காயும் முன்னால் இன்னொரு போன்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் மேஜையைப் பார்த்தாள். மேலாளர் என்ன செய்தார் தெரியுமா, நியாயமான மனிதர் செய்வதையெல்லாம் செய்தார். கட்டளை கொடுத்த நேரத்தைப் பெட்டியின் குறிப்பில் பார்த்தார்: நாலு இருபது, ஸ்டோர்ஸ் கட்டடம், என் பெயர். நான் இஞ்சினியர் சொன்னார் என்றேன். பெங்களூருக்குப் போன் போட்டு அவரையே கேட்டார். அவர் நாலு மணிக்கே கிளம்பிவிட்டாராம், தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையாம், யார் எப்போது போனார்கள் என்றும் வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லையாம். அதைக் கேட்டபோதுதான் அவள் வெள்ளிக்கிழமையே என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கே தெரிந்தது. பஸ்ஸுக்காக. கடைசியில் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுடையது சார். ஆனால் அவள் அப்போது போகவில்லை. நான் சும்மா எழுதினேன்."

"அப்படியானால் நீ பதிவேட்டில் பொய் எழுதுவாய். இப்போது பேசுவதை மட்டும் எப்படி நம்புவது?"

அவள் பக்கம் திரும்பி, நீ எத்தனை மணிக்குப் போனாய் என்று கேட்டார். "மூன்றரைக்கு சார். அக்காதான் எழுதினாங்க" என்று கன்னடத்தில் சொன்னாள். அவள் கன்னடம் என் கன்னடத்தைவிடச் சுமார்தான். அன்று ஒரு பிசகில்லாமல் பேசினாள். வாசலில் காவலாளிகள் எங்கள் பையைத்தான் பார்ப்பார்கள், நேரத்தை எழுத மாட்டார்கள். அவளுக்காக நான் எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு எதிரான சாட்சி.

மாத முடிவில் என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அவளுடையது நீண்டது, நிரந்தரமாகவும் ஆனது. மீதமிருந்த மூன்று வாரமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அவள் இரண்டு பேருக்கும் கட்டிக்கொண்டே இருந்தாள். நான் பாதியைத் திருப்பிக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டேன். அவ்வளவு கோபம்.

கடைசி நாளுக்கு முன்தினம், சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, பேசாமயே போயிருவீங்களா?"

நான் நின்றேன்.

"அவங்க வீட்ல வேலைல இருக்கற பொண்ணுதான் வேணும்னாங்க. அன்னிக்கி உங்க போன் வந்தப்ப காப்பி குடிச்சுட்டு உள்ளதான் உக்காந்திருந்தாங்க. இந்த வேலை போச்சுன்னா அதுவும் போயிருமுங்க. உங்களுக்கு அப்பா இருக்காங்க, இங்க வீடு இருக்குது, இன்னொரு வேலை கெடைச்சிரும். நீங்க புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சனுங்க்கா."

இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. பயந்துபோய் ஏதோ உளறிவிட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் மனது இளகியிருக்கும். இவள் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். என் அப்பா, என் வீடு, என் நல்ல குணம் எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்து, நான் தாங்கிக்கொள்வேன் என்று முடிவு செய்துவிட்டுத்தான் மேலாளருக்குப் போன் செய்திருக்கிறாள்.

"இதை அன்னிக்கு போன்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். குரலை உயர்த்தவில்லை. "கல்யாணம் நின்னுடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். உன் பேரே எடுத்திருக்க மாட்டேன். நான் ஒருத்தியாவே ஏத்துக்கிட்டிருப்பேன். இப்ப நடந்ததுதான் நடந்திருக்கும், ஆனா உனக்கு அக்கா இருந்திருப்பா."

அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். "நெசமாலுமாங்க்கா?" என்றாள்.

"நிஜமா."

அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளைத் தாண்டி இறங்கிப் போனேன். உண்மையில் ஏற்றுக்கொண்டிருப்பேனா என்றால், எனக்குத் தெரியாது. இரண்டு வருட வேலை, வருட முடிவில் நிரந்தரம், ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் அதை நம்பினாள். நம்பட்டும் என்றுதான் சொன்னேன்.