சொந்தக் காரணங்களுக்காக

"என் பொண்ணு கோர்ட்டுல இருக்குது" என்று அம்மா சொல்லும்போது, கேட்பவர்களில் பாதிப் பேர் என்னை நீதிபதி என்றே நினைத்துக்கொள்வார்கள். அம்மா திருத்த மாட்டாள். நான் டைப்பிஸ்ட். கூண்டில் நிற்பவர் பேசுவார். நீதிபதி அதைச் சுருக்கி எழுத்துத் தமிழில் சொல்வார். அவர் சொன்னதை நான் அடிப்பேன். சாட்சி சொன்னதை அல்ல. கடைசியில் 'படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டேன்' என்று ஒரு வரி வரும். கூட்டம் நெருக்கும் நாளில் யாரும் யாருக்கும் எதையும் படித்துக் காட்டுவதில்லை. அந்த வரியை மட்டும் என் விரல்கள் தானாகவே அடித்துவிடும்.

சட்டம் படிக்கும் ஆசை எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு. ஆனால் மூன்று வருடம் பகல் முழுக்க வகுப்பு. வருகைப் பதிவு கட்டாயம். வேலையை விட்டால்தான் முடியும். இதை வாய்விட்டுச் சொன்ன அன்று வினை ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் தொழிற்சாலைக்குப் போய் வருகிறவர். சத்தம் போட மாட்டார். "தப்பா எடுத்துக்காதம்மா, கவர்மென்ட் வேலைன்னு சொல்லித்தான் எங்க வீட்டுல பொண்ணு பாக்க வந்தாங்க" என்றார். கடையில் வாங்கிய பொருளை நான் நடுவில் மாற்றிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

எங்கள் தலைமை எழுத்தர் இன்னும் ஒரு படி மேலே போனார். "பக்கத்து மாநிலத்துல சேந்துடுங்கம்மா. பரீட்சைக்கு மட்டும் போனா போதும். வேலையும் இருக்கும், பட்டமும் வந்துடும். எத்தினி பேரு அப்படி பண்ணிக்கினு இருக்காங்க." சட்டத்தை ஏமாற்றிச் சட்டம் படிக்கச் சொல்கிறார், அதுவும் நீதிமன்ற வாசலில் நின்று டீ குடித்தபடி. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. உள்ளே வந்துவிட்டேன்.

இவர்களையெல்லாம் அம்மா தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். சர்ச்சில் ஜெப விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயர் மைக்கில் வாசித்தார்: "நல்ல அரசு வேலையை விட்டுவிட நினைக்கும் ஒரு சகோதரியின் மனம் தெளியும்படி ஜெபிப்போம்." பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கண்ணை மூட வேண்டிய நேரத்தில் சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. முன்பின் பேசாத ஒருவர் வாசலில் என்னை நிறுத்தி, "கடவுள் குடுத்த வேலைமா" என்றார். கொடுத்தவர் கடவுளாகவே இருக்கட்டும், டைப் அடிப்பது நான்தானே என்று நாக்கு நுனி வரை வந்தது.

வழக்கு ஒன்று நடந்திராவிட்டால் இந்த இழுபறியிலேயே அந்த வருடமும் போயிருக்கும்.

பிள்ளையார்பாளையம் பக்கத்து நெசவுக்கார அம்மா ஒருத்தி தொடுத்த வழக்கு அது. எதிர்வீட்டுக்காரர் தெருவை அடைத்துச் சாய்தளம் கட்டிக் காரை நிறுத்திவிட்டார். இவர்களால் காலையில் பாவு நீட்ட முடியவில்லை. தறியில் நீளவாக்கில் போகும் நூல்தான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, பிறகு சுருட்டி எடுத்துக்கொண்டு போய்த் தறியில் ஏற்றுவார்கள். தெரு இல்லாவிட்டால் தறி இல்லை. அந்த மாதிரித் தெருவின் கடைசியில் இருந்த கொத்தனார் வீடுதான் எங்களுடையது. பாவுக்குக் கீழே குனிந்து குனிந்துதான் பள்ளிக்கூடம் போனேன். மேலே பட்டுவிடக் கூடாது என்று அம்மா வாசலில் நின்று கத்துவாள். நாங்கள் தொட்டால் நெசவுக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

நீதிபதிக்கு ஊர் தெற்கே. நல்ல மனிதர், பொறுமைசாலி. "பாவு நீட்டுறதுன்னா என்னம்மா?" என்று கேட்கவும் செய்தார். அந்த அம்மா இரண்டு கையையும் விரித்து, தடவி, ஊதிக் காட்டினாள். "கஞ்சி போட்டு, வெயில் ஏறுறதுக்குள்ளாற காஞ்சிடணும் சாமி" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "காலையில் நூலைத் தெருவில் உலர்த்துவது எங்கள் வழக்கம்."

என் விரல் நின்றது. "ஐயா, அது உலர்த்துறது இல்லீங்க" என்றேன். அவளுடைய வக்கீல் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி கோபப்படவில்லை. "நீங்க டைப் பண்ணுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அடித்தேன். கடைசி வரியையும் அடித்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நூலை மாடியிலும் உலர்த்திக்கொள்ளலாம், ஆகவே பொதுத் தெருவில் உலர்த்தும் உரிமை கோர முடியாது என்று வழக்கு தள்ளுபடி. அன்று மதியம் அவள் என் மேசைக்கு வந்தாள். தீர்ப்பை யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் அப்படிச் சொல்லலியேமா. நீதானே அடிச்சே?"

சண்டைக்கு வரவில்லை அவள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மேல்முறையீடு செய்யலாம், வக்கீலைப் பாருங்கள் என்று ஏதேதோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதுக்கு நீ என்ன பண்ணுவே? அடிக்கிறதுதானே உன் வேலை" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அவ்வளவு கோபம் அதுவரை வந்ததில்லை. "ஆமா, அதான் விடப்போறேன்" என்றேன். அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவி வந்து, "மூணு வருசம்னா மூணே வருசம்தானே?" என்று கேட்டார். அம்மாவுக்கு போன் போட்டபோது, முழுக்கக் கேட்டுவிட்டு, "பாவு நீட்டறது தெரியாதாமா அந்த மனுசனுக்கு?" என்றாள். ஆனாலும் ஜெப விண்ணப்பத்தை வாபஸ் வாங்கவில்லை. வேலையும் போகக் கூடாது, படிப்பும் வரவேண்டும் என்று அதைத் திருத்திக் கொடுத்திருக்கிறாள்.

சேர்க்கை கிடைத்ததும் ராஜினாமாவை என் மேசையிலேயே உட்கார்ந்து அடித்தேன். தலைமை எழுத்தர் பின்னால் வந்து நின்றார். "'எனது சொந்தக் காரணங்களுக்காக'ன்னு போடுங்கம்மா. அப்பதான் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் விரல்கள் அதை அடித்துவிட்டிருந்தன. திரையில் அந்த வார்த்தைகள் நின்றன. பழக்கதோஷம்.

"நான் அப்படிச் சொல்லலியே சார்" என்றேன்.

அழித்துவிட்டு, 'சட்டம் படிப்பதற்காக' என்று அடித்தேன். தாளை எடுத்து, அவருக்கும் கேட்கும்படி முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.