காஜா பேராங்கில் ஒரு வேளைச் சோறு

சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவனுக்கு "வாங்க" என்ற ஒரு சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா காஜா பேராங்கில் நான் பார்த்த கடைக்காரனுக்கு அந்தச் சொல் தமிழில் மறந்துபோயிருந்தது. ஜப்பானிய மொழியில் மட்டும் குழைந்து குழைந்து சொன்னான்.

நான் காரைக்காலில் கல்யாணமாகி மலாயாவுக்குக் கப்பலேறி வந்த மறு ஆண்டே சண்டை மூண்டுவிட்டது. என் கணவர் சிரம்பான் ஆஸ்பத்திரியில் டிரெஸர். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தபோது கொயினா மாத்திரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மலாக்காவுக்குப் பக்கத்தில் புக்கிட் பாருவில் இருந்த அவருடைய அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று புறப்பட்டோம். வழியில் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ரயில் இல்லை. ஜப்பான்காரர்கள் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கரிப்புகையில் ஓடும் லாரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தோம். காஜா பேராங்கில் இறங்கியபோது உச்சி வெயில். அந்த வெயிலிலும் அவருக்கு உடம்பு நடுங்கியது. எதிரே அந்தக் கடை.

வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்தோம். கல்லாவில் இருந்தவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அங்க உக்காராத. அது அவங்களுக்கு. பின்னால போ."

பின்னால் என்றால் மங்கு, தட்டு கழுவும் இடம். சோப்பு இல்லாத காலம். சாம்பலும் எச்சிலும் காலடியில் ஓடின. அங்கே கிடந்த ஒரு பழைய மேசை முன்னால் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தோம். எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் தின்றுவிட்டுப் போனார்கள்.

"அண்ணே, இவங்களுக்குக் காய்ச்சல். சூடா கொஞ்சம் கஞ்சி இருந்தா குடுங்க" என்றேன்.

"காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும். இங்க எதுக்கு வந்தீங்க?" என்றவன், ஆறிப்போன மரவள்ளிக் கிழங்கை இரண்டு துண்டு கொண்டுவந்து வைத்தான். வைத்தான் என்பதுகூட மரியாதைக்காகச் சொல்வது. தட்டு சுழன்று என் முழங்கையில் வந்து இடித்தது. கிழங்கு நடுவில் வேகவே இல்லை.

"சோறு வாசம் வருதே" என்றார் என் கணவர், மெதுவாக.

"வாசம் வரும். சோறு வராது."

தன் சாமர்த்தியத்தைத் தானே ரசித்துக்கொண்டு சிரித்தான். அந்த மாதிரி ஆளுக்குக் கேட்பவன் பலவீனனாக இருந்தால்தான் நகைச்சுவை சுரக்கும்.

அப்போது இரண்டு ஜப்பானியச் சிப்பாய்கள் வந்தார்கள். கடைக்காரன் இடுப்பு ஒடிய வளைந்தான். துண்டால் நாற்காலியைத் துடைத்தான். ஆவி பறக்கச் சோறும் மீன்குழம்பும் வந்தன. ஒருவன் மீனைப் பிட்டு முகர்ந்தான், நாறியது போலும். ஏதோ கேட்டான். புரியாத இவன் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டே தலையாட்டினான். சிப்பாய் எழுந்து ஓங்கி ஓர் அறை விட்டு, தட்டைத் தரையில் கவிழ்த்துவிட்டுப் போனான். மற்றவனும் பின்னாலேயே போனான். அவர்கள் தெருக்கோடி திரும்பும்வரை இவன் குனிந்த தலை நிமிரவில்லை.

அடி வாங்கியவனுக்கு அடுத்தவன் வலி தெரியும் என்பார்கள். அதெல்லாம் மனிதர்களுக்கு. இவன் கீழே கிடந்த சோற்றை இரு கையாலும் வழித்து அள்ளி, அதே தட்டில் போட்டு எங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தான். சோற்றில் பூட்ஸ் மண் தெரிந்தது.

"சோறு சோறுன்னு கேட்டீங்கள்ல? தின்னுங்க."

என் கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வெள்ளைச் சோறு பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. அவர் கை மேசையில் கொஞ்சம் முன்னே நகர்ந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இத நீங்களே சாப்பிடுங்க" என்றேன் கடைக்காரனிடம்.

"திமிரு. பசி வந்தா எல்லாம் எறங்கிடும்."

"எறங்கும். எங்களுக்கு இன்னும் அவ்வளவு பசி வரல."

பொய்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவரைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். அவன் எங்கள் பலகையில் உட்கார்ந்து, மண்ணை விரலால் ஒதுக்கிவிட்டு, அந்தச் சோற்றை அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தான். ஒரு பக்கத்துக் கன்னம் வீங்கியிருந்தது. அவனுக்கும் பசி என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் இரக்கம் வரவில்லை. பசித்தவன் மண்சோறு தின்பதில் இழிவு இல்லை. அதை முதலில் காய்ச்சல்காரனுக்கு நீட்டினானே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாலு வீடு தள்ளி என் கணவர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அது மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் பக்கம். பல தலைமுறைக்கு முன்னே வந்து, சாமியை விடாமல் தமிழை மட்டும் மறந்துவிட்டவர்கள். நெற்றியில் விபூதியும் உடம்பில் மலாய்க்காரிகள் போடும் கெபாயாச் சட்டையுமாக ஒரு பெண் வெளியே வந்தாள். நான் தமிழில் பேசினேன். அவளுக்குத் தமிழ் வராது. அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாரி, மாசோக்" என்று உள்ளே அழைத்தாள். எனக்கு மலாய் அரைகுறை. அந்த இரண்டு சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை.

அவள் வீட்டிலும் கிழங்குதான். சுடச்சுட வேகவைத்துத் தேங்காய்ப்பூ தூவியிருந்தது. அவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெயில் தாழ்ந்ததும் அவள் வீட்டுக்காரர் சைக்கிளின் பின்னால் என் கணவரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே புக்கிட் பாரு வரை வந்தார். நான் பக்கத்தில் நடந்தேன்.

சண்டை முடிந்து அவர் உடம்பு தேறியபின் ஒரு முறை அந்த வழியாகப் போனோம். கடை இருந்தது. வாசல் மேசையில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். அதே ஆள், அதே வளைவு.

"உள்ள போலாமா?" என்று கேட்டுச் சிரித்தார் என் கணவர்.

நான் அந்தச் செட்டிப் பெண்ணின் வீட்டை நோக்கி நடந்தேன்.