நோட்டில் எழுதிய தண்ணீர்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சின்ன ரவும் பெரிய றவும் எங்கே வரும் என்று இன்றும் தடுமாறுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் மாற்றி வீடு திரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

பந்தல்குடியில் லாரிக்குக் கரிமூட்டை ஏற்றுவது என் வேலை. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாக மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்கு நாற்பத்தொரு வயது. ஓராண்டு டயாலிசிஸில் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) போனது. சிறுநீர் பிரியாததால் அந்த ஓராண்டும் நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். 1994 மாசியில் என் அக்கா சவரியம்மாள் தன் சிறுநீரகம் ஒன்றைத் தந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு நோட்டுக் கொடுத்தார். குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் தினமும் அளந்து அதில் எழுத வேண்டும்.

"மூணு லிட்டருக்குக் கொறையக் கூடாது. கொதிக்க வச்சு ஆறின தண்ணி. இந்தக் கிட்னி தண்ணியிலதான் பொழைக்கும்" என்றார்.

அது சித்திரை. திருச்சுழிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்க வேண்டுமென்றால் ஒரு மைல் தள்ளித் தோட்டக் கிணற்றுக்குப் போக வேண்டும். ஊற ஊறத்தான் இறைக்க முடியும் என்பதால் வீட்டுக்கு இரண்டு குடம் என்று முறை வைத்திருந்தார்கள். குடிக்க, சமைக்க எல்லாம் அதற்குள்தான். என் மனைவி புஷ்பம் விடியுமுன் போய் வரிசையில் நின்று, வெயில் ஏறித் திரும்புவாள். அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். அவள் கனம் தூக்கக் கூடாது என்று அவள் வீட்டுக் குடங்களையும் புஷ்பமே சுமந்தாள்.

முதல் வாரம் அளந்து குடித்தேன். பிறகு ஒரு நாள் புஷ்பம் பானையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, டம்ளரை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க குடிங்க. எனக்குக் கஞ்சித்தண்ணி இருக்கு."

அன்று ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொண்டேன். நோட்டில் மூன்று என்று எழுதினேன். மறுநாளும் அப்படியே. தாகத்துக்குப் பழகிய உடம்பு, பெரிதாகத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கலாம். எனக்குக் கூச்சம். சிறுநீர் மஞ்சளாகிக் குறைந்தது. அதையும் கூட்டி எழுதினேன்.

மூன்றாம் வாரம் தலை சுற்றியது. இரண்டு நாள் ஓயாத வாந்தி. அருப்புக்கோட்டை போய் பஸ் மாறி, மீண்டும் மதுரை. அதே வார்டு.

"என்னண்ணே, எங்க சாப்பாட்ட விட்டு இருக்க முடியலையா?" என்று நர்ஸ் கேட்டாள். சிரிக்கப் பார்த்தேன். உதடு ஒட்டியிருந்தது.

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) மும்மடங்கு ஏறியிருந்தது. தண்ணீர் ஒழுங்காகக் குடித்தாரா என்று டாக்டர் கேட்டார். புஷ்பம் நோட்டை நீட்டினாள்.

"ஒரு நாள் விடாம எழுதிருக்காக சார்."

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதினதில்ல" என்றார். நாக்கு வறண்டது வாந்தியால் என்று நினைத்துவிட்டார்கள். புதிய உறுப்பை உடம்பு தள்ளுகிறது என்று மூன்று நாள் கடும் மருந்து ஏற்றினார்கள். அந்த மூன்று நாளும் நான் வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள், சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த சதைத் துணுக்கின் சோதனை முடிவு வந்தது. உடம்பு தள்ளவில்லை. டாக்டர் நோட்டோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. நோட்டை மூடி மேசைமேல் வைத்தார். புஷ்பம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தண்ணீர் ஏற்றினார்கள். அதற்குள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அந்த மருந்தால் நுரையீரலில் சளி பிடித்துக் காய்ச்சல் கண்டது. ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தேன். சிறுநீரகம் பாதிதான் மீண்டது. "தண்ணி மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். போன பாதி வராது" என்றார் டாக்டர்.

அக்கா பார்க்க வந்தபோது அவளிடமும் சொன்னேன். இடுப்புத் தையலைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

"கிட்னியவே குடுத்தவகிட்ட ஒரு கொடம் தண்ணி கேக்கக் கூச்சமாடா ஒனக்கு?"

அந்தப் பாதி நான்கு ஆண்டுகள் ஓடியது. போன ஆண்டு நின்றது. மறுபடி டயாலிசிஸ், வாரம் இருமுறை. அக்கா தந்தது வலது அடிவயிற்றில்தான் இருக்கிறது. கை வைத்தால் தட்டுப்படும். ஒருக்களித்துப் படுக்கும்போது அந்தப் பக்கம் அழுந்தாமல் படுக்கிறேன். காலை, மாலை என்று எனக்கு இப்போது இல்லை. இந்த மடக்குத் தண்ணீருக்கும் அடுத்த மடக்குக்கும் இடையில் உள்ளதுதான் பொழுது.

குடிக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்டு வாங்கியாவது குடியுங்கள். குடிக்க முடியாமல் போனால் அதை அப்படியே எழுதுங்கள்.

எங்கள் தெருவுக்கு இப்போது குழாய் வந்துவிட்டது. காலையில் அக்கா வந்து, வாசலில் ஒரு குடம் பிடித்து வைத்துவிட்டுப் போனாள். அதில் என் பங்கு அரை லிட்டர். இதை எழுதும் வரை குடித்தது நூற்றைம்பது மில்லி. அளந்துதான் எழுதியிருக்கிறேன்.

1999, பங்குனி 12.